விளிக்காத கல்யாணம்

1

இன்று காலை ஆஸ்பத்திரி கான்டீனில் டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து கைபேசியைத் திறந்தேன். "ஒரு வருடத்துக்கு முன் இதே நாள்" என்று ஒரு படம் வந்து நின்றது. அண்ணன் மகள் ஷைனி, கல்யாணச் சேலையில், எங்கள் வீட்டுப் படியில் இறங்குகிறாள். படத்தில் நான் இல்லை. நான் இல்லாத ஒரு நாளை எனக்கே ஞாபகப்படுத்தச் சொல்லி இந்த வலைத்தளத்திடம் யார் கேட்டார்களோ தெரியாது. டீ ஆறும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம்தான் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. எங்கள் ஊர் வாசகசாலைக்கு ஆண்டு மலர் போடும் ஜெயசீலன் சார் எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவர். "சமூக வலைத்தளங்கள், பல பேர் சேர்ந்து வேலை செய்யும் இணையக் கருவிகள், இவற்றைப் பற்றி நம்ம ஆட்களுக்குப் புரியும்படி ஓர் அறிமுகம் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் நீங்கள், எல்லாம் தெரிந்திருக்கும்."

வெளிநாட்டில் இருந்தால் எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை நம் ஊரில் இன்னும் போகவில்லை. நான் அயர்லாந்தின் மேற்குக் கரையில், வருஷத்தில் முக்கால்வாசி மழை பெய்யும் ஒரு சின்ன ஊரில், நர்ஸ் வேலை பார்க்கிறவள். நரம்பு கிடைக்காத கையிலும் ஊசி போடத் தெரியும். இணையத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன் சார். மலருக்கு உதவாது என்றால் வெட்டி எறிந்துவிடுங்கள், சண்டைக்கு வர மாட்டேன்.

2

முதலில் சமூக வலைத்தளம். பெயர் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். உள்ளே நுழைந்ததும் உங்கள் பெயர், படித்த பள்ளிக்கூடம், சொந்த ஊர், இப்போது இருக்கும் ஊர் எல்லாம் கேட்பார்கள். இங்கே குடியேற்ற அலுவலகத்தில் ஒவ்வொரு தடவை அட்டை புதுப்பிக்கப் போகும்போதும் இதே கேள்விகள்தான். அங்கே வரிசையில் நின்று பதில் சொல்ல வேண்டும், இங்கே சாய்ந்து உட்கார்ந்து சொல்லலாம்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஊர் நூலகம். வயதானவர்களுக்காக வாரம் ஒரு நாள் இலவச வகுப்பு நடத்தினார்கள். எனக்கு அத்தனை வயசாகவில்லை. ஆனால் என் மகள் ரூத்துக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா, மறுபடியும் அதே கேள்வி" என்பாள், அதுவும் ஆங்கிலத்தில். அதனால் வெள்ளைக்காரப் பாட்டிமார் நடுவில் போய் உட்கார்ந்தேன்.

நமக்குத் தெரிந்தவரைத் தேடி, "நண்பராக ஏற்பீர்களா" என்று கேட்டு ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அவர் சம்மதித்தால் அவர் போடுவதெல்லாம் நமக்குத் தெரியும். நான் முதலில் கேட்டது ரூத்தை. பக்கத்து அறையில்தான் இருந்தாள். "காத்திருக்கிறது" என்று வந்தது. மறுநாள் தோசை சுடும்போது கேட்டேன். "அது என் ஃபிரண்ட்ஸுக்கு அம்மா" என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அந்த எழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது.

குழுக்களும் உண்டு. இந்த ஊரில் தமிழர் குழு இல்லை, இருக்கிற ஒரே தமிழ்க் குடும்பம் நாங்கள்தான். மலையாள நர்ஸுகளின் குழுவில் என் பேச்சைக் கேட்டு என்னையும் அவர்கள் ஆள் என்று நினைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். சென்னைக்காரர்களும் என்னை அப்படித்தான் நினைப்பார்கள், அது வேறு கதை. ஒரு கிறிஸ்துமஸுக்குத் தமிழில் வாழ்த்துப் போட்டேன். "ஃபாண்ட் கோளாறா சேச்சி?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

3

அடுத்தது, பல பேர் சேர்ந்து வேலை செய்யும் கருவி. இதைத்தான் நம் ஆட்கள் அவசியம் படிக்க வேண்டும்.

கட்டம் போட்ட ஒரு பெரிய தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரே சமயத்தில் மார்த்தாண்டத்திலும் பெங்களூரிலும் அயர்லாந்திலும் திறந்திருக்கும். ஒருவர் எழுதினால் மற்றவர் அந்த நிமிஷமே பார்க்கலாம். தாளைத் தொடங்கியவர் அனுமதி கொடுக்க வேண்டும். பார்க்க மட்டும் ஓர் அனுமதி, எழுத ஓர் அனுமதி. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பது மேலே பச்சைப் புள்ளியாகத் தெரியும்.

ஷைனியின் கல்யாணம் நிச்சயமானதும் அவள் தம்பி அஜின் இப்படி ஒரு தாளைத் தொடங்கினான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன். மாப்பிள்ளை ஆரல்வாய்மொழியில் காற்றாலைக் கம்பெனியில் இருக்கிறவர். அண்ணனுக்கு மார்த்தாண்டத்தில் பெயின்ட் கடை. கடையை விட்டு நகர முடியாது, அதனால் கல்யாண வேலையெல்லாம் தாளில் நடந்தது. எனக்கு எழுதுகிற அனுமதி. "மாமி, நீங்கதான் இதுக்கு மேஸ்திரி" என்று அஜின் எழுதினான். அப்பாவின் தங்கையை எங்கள் வீட்டில் மாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.

பந்தல் துணிக்கு நீலம் வேண்டாம், கடைப் போர்டு மாதிரி இருக்கும் என்றேன். மாற்றினார்கள். அடைப்பிரதமனா சிறுபயறுப் பாயசமா என்று ஒரு வாரம் நடந்த சண்டையை இரண்டும் என்று நான்தான் முடித்தேன். போளி சமையல்காரரின் கையால் வேண்டாம், குழித்துறையில் சொல்லிச் செய்யலாம் என்றேன். அதுவும் நடந்தது.

ஆனால் நான் அந்தத் தாளைத் திறந்தது பாயசத்துக்காக மட்டும் இல்லை. வேலை முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில், கண்ணாடியில் மழை ஓடிக்கொண்டிருக்க, காரை எடுக்காமல் கைபேசியைத் திறப்பேன். மேலே பச்சைப் புள்ளிகள். அஜின் இருக்கிறான், ஷைனி இருக்கிறாள். ஷைனியின் எழுத்து ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குத் தாவுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒன்றும் எழுத மாட்டேன். எங்கள் வீட்டுச் சமையலறையில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பது போல இருக்கும். பிறகு அவர்கள் ஒவ்வொருவராகத் தூங்கப் போவார்கள், புள்ளிகள் அணையும். என் புள்ளி மட்டும் இருக்கும். அப்புறம்தான் காரைக் கிளப்புவேன்.

4

இனி, கருவி சொல்லித் தராத ஒரு விஷயம். இளைய தலைமுறைக்காக எழுதுகிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு விளிப்பது என்றால் அழைப்பது. கார்டு தபாலில் வந்தால் அது தகவல்தான், விளி இல்லை. வீட்டுக்கு ஆள் வர வேண்டும், உட்கார வேண்டும், ஒரு டீயாவது குடிக்க வேண்டும், "குடும்பத்தோட வரணும்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அதிலும் கட்டிக் கொடுத்த பெண் என்றால் அவளுடைய புருஷன் வீட்டுக்குப் போய், புருஷனிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் போய் நின்றால் அவளுக்குத்தான் இளக்காரம்.

அண்ணன் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சியபோது நாங்கள் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தோம். அன்று பகல் முழுக்க அவன் வீட்டில் நான் தேங்காய் திருவிவிட்டுத் திரும்பி வந்தேன். சேலை மாற்றவில்லை, அதற்குள் வாசலில் அண்ணனும், மைனி என்று நாங்கள் கூப்பிடும் அண்ணியும் நல்ல உடுப்பு உடுத்து வந்து நிற்கிறார்கள். உட்கார்ந்தார்கள். நான் டீ போட்டேன். அண்ணன் என் வீட்டுக்காரர் செல்வினைப் பார்த்து, "மாப்பிள்ள, நாளக்கழிஞ்சு பால்காய்ப்பு. குடும்பத்தோட வரணும்" என்றான். என் நகத்தில் தேங்காய்ப் பூ ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் நெஞ்சு நிறைந்தும் போயிற்று.

அந்த அண்ணன் இந்தக் கல்யாணத்துக்கு விளிப்பான் என்று காத்திருந்தேன். கடல் தாண்டி வந்து டீ குடிக்க முடியாது, அது தெரியும். போனில் செல்வினைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

5

ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணன் பேசினான். பந்தல்காரன் வரவில்லை, மைனிக்கு முட்டுவலி, கடைப் பையன் லீவு, எல்லாம் சொன்னான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

செல்வின் இங்கே பஸ் ஓட்டுகிறார். ரொம்பப் பேச மாட்டார். ஆனால் போனை வைத்ததும் கேட்பார்.

"ஒனக்க அண்ணன் விளிச்சானா?"

"இல்ல."

"பின்ன என்னத்துக்கு நான் டிக்கெட் பாக்கணும்? விளிக்காத எடத்துல போயி எலையில இருக்கதுக்கு, நமக்கு இங்க சோறில்லாமலா கெடக்கு?"

நடுவில் அஜின் அதே சமூக வலைத்தளத்தில் கல்யாணத்துக்கென்று ஒரு நிகழ்ச்சிப் பக்கம் தொடங்கினான். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் தானாக ஓர் அழைப்பு போகும். "வருகிறேன்", "வரலாம்", "வரவில்லை" என்று மூன்று பொத்தான். செல்வினிடம் காட்டினேன். "மிஷின் விளிச்சா மிஷின் போவட்டு" என்றார். ஊர்க்காரர்கள் "வருகிறேன்" என்று சடசடவென்று அமுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் எதையும் அமுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் லீவும் இப்போது கணினியில்தான். இந்தத் தேதிக்குள் கேட்காவிட்டால் பட்டியல் மூடிவிடும் என்று எச்சரிக்கை வந்தது. பூர்த்தி செய்தேன், அனுப்பாமல் மூடினேன். இன்னொரு நாள் திறந்தேன், அப்போதும் அனுப்பவில்லை. ரூத் பின்னால் நின்று பார்த்துவிட்டாள்.

"ஏன் அம்மா அனுப்பல?"

"மாமா இன்னும் நம்மள விளிக்கல்ல மக்களே."

"அந்த ஷீட்ல எல்லா லைன்லயும் உன் பேர் இருக்கு. இன்னும் என்ன இன்விடேஷன்?"

"ஒனக்கு அதெல்லாம் தெரியாது" என்றேன். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு நம் வழக்கம் எப்படிப் புரியும் என்று நினைத்தேன். பட்டியல் மூடிவிட்டது. தாளில் மட்டும் நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தேன், பந்தியில் யார் பரிமாறுவது, பூ எங்கே வாங்குவது என்று. வீம்பும் ஆசையும் ஒரே ஆளிடம் இருந்தால் இப்படித்தான் ஆகும்.

6

கல்யாணத்துக்கு முந்தின நாள். சூப்பர் மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் கூப்பிட்டான். அவனுக்குப் பின்னால் பந்தல் அடிக்கிற சத்தம்.

"ஏட்டி, எங்க நிக்க? எறங்கியாச்சா?"

"எங்க எறங்க?"

"திருவனந்தபுரத்துலதான். அஜின் வண்டியோட நிக்கான், விடட்டா? இப்பமே விட்டாத்தான் பாறசாலையில டிராபிக் பிளாக்குக்கு முன்ன தாண்டுவான்."

"நான் இங்கதான் இருக்கேன்" என்றேன்.

"இங்கன்னா? வீட்டுக்கா வந்துட்ட?"

"இல்ல அண்ணா. அயர்லாந்துல."

கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"அண்ணன் எங்கள விளிக்கல்லியே" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாகக் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

"ஒன்ன எதுக்குட்டி விளிக்கணும்? நாட்டாரத்தான் விளிக்கணும். நீ வீட்டு ஆளுல்லா? பந்தல் துணியில இருந்து பாயசம் வர நீயில்லியா சொன்ன? போன வாரம் அஜின்கிட்ட கேட்டேன், மாமி எப்பம் வாறான்னு. அவன் கம்ப்யூட்டரத் திருப்பிக் காட்டினான். 'மாமி இந்தா உள்ளதான் நிக்கா, பச்சை வெளக்கு கத்துது பாருங்க'ன்னான். நானும் பாத்தேன். ஒனக்க பேருல பச்சை எரிஞ்சுது. செரி, பிள்ள இங்கதான் இருக்கான்னு நான் என் வேலையப் பாக்கப் போனேன்."

"போனுலயாவது ஒரு வாக்கு..."

"கேட்டிருப்பேன். நான் கேட்டா, லீவு கெடைக்காம நீ கெடந்து அலைவியேன்னுதான் கேக்கல்ல. எப்பிடியும் நீ வருவேன்னு நெனச்சேன்."

ஒரு வெள்ளைக்காரப் பெண் "எக்ஸ்கியூஸ் மீ" என்று என்னைத் தாண்டிக் கிழங்கு எடுத்தாள். கூடையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். மழையில் நின்று அழுவது வசதி, யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

7

ஜெயசீலன் சார், காணொளி அழைப்பைப் பற்றியும் எழுத வேண்டும் அல்லவா? எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் கல்யாணப் பெண்ணைக் கைபிடித்துப் படியிறக்கிக் காரில் ஏற்றுவது அப்பாவின் உடன்பிறந்தவள். என்னை இறக்கியது எங்கள் மாமி. ஷைனியை நான் இறக்க வேண்டும். அந்த வேலை தாளில் இல்லை. யாரும் எழுதவில்லை, எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை போலிருக்கிறது.

இங்கே விடிந்தும் விடியாத நேரம். அஜின் காணொளியில் வந்து கைபேசியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தான். முகங்கள் ஆடி ஆடிப் போயின. மைனி அழுதுகொண்டிருந்தாள். ஷைனி வாசலில் நிற்கிறாள், ஜெபம் முடிந்துவிட்டது, யார் கைபிடிப்பது என்று ஆளை ஆள் பார்க்கிறார்கள். அப்போது அண்ணனின் குரல் கேட்டது.

"லேய், போன அவகிட்ட குடு. மாமி எறக்கட்டு."

ஷைனி கைபேசியை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுடைய உள்ளங்கை என் பக்கத்தை மூடிவிட்டது. இருட்டுக்குள்ளே சேலையின் சரசரப்பும் "பைய, பைய" என்கிற குரல்களும் மட்டும் கேட்டன.

"பாத்து எறங்கு மக்களே" என்றேன். "ரெண்டாம் படி ஒடஞ்சு கெடக்கும்."

"அது எப்பமே செரியாக்கியாச்சு மாமி" என்றாள் ஷைனி.

காரின் கதவு திறக்கிற சத்தத்தோடு தொடர்பு போய்விட்டது. மறுபடி கிடைக்கவில்லை.

படத்தில் நான் இல்லை என்று முதலில் சொன்னேன். உற்றுப் பார்த்தால் ஷைனியின் வலது கையில் ஒரு கைபேசி இருக்கிறது. வீட்டின் சார்பில் அன்று அவளைப் படியிறக்கியது அதுதான்.

8

அதற்குப் பிறகு அண்ணன் ஒன்றையும் விடுவதில்லை. சபையில் அசனம் என்றால், ஊர் கூடிச் சாப்பிடுகிற அந்த விருந்துக்கு, முந்தின வாரமே செல்வினைக் கூப்பிடுகிறான். கிறிஸ்துமஸுக்கு விளித்தான். கடைக்குப் புது ஷட்டர் போட்டு ஜெபம் வைத்ததற்குக்கூட விளித்தான். வர முடியாது என்று தெரிந்தும், ஒரு வார்த்தை குறையாமல், "குடும்பத்தோட வரணும்" என்கிறான். செல்வினுக்குப் பரம சந்தோஷம். "பாத்தியா, இதுதான் மரியாதை" என்கிறார். என்னிடம் பேசும்போதும் அண்ணன் முன்பு போலப் பந்தல்காரனைப் பற்றியோ மைனியின் முட்டுவலியைப் பற்றியோ சொல்வதில்லை. எல்லாரும் சுகம் என்கிறான். நாங்கள் சுகமா என்று கேட்கிறான்.

ஷைனிக்குப் போன மாதம் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஞானஸ்நானம். போன ஞாயிறு அண்ணன் முறைப்படி விளித்தான், முதலில் செல்வினை, பிறகு என்னை. இந்த முறை நாங்கள் போகிறோம். லீவு கிடைத்துவிட்டது. ரூத்கூட வருகிறேன் என்றாள், கேட்காமலேயே.

சந்தோஷத்தில் நான் அண்ணனிடம் கேட்டேன், "நான் வந்து என்ன செய்யணும்? எத்தன பேருக்குச் சாப்பாடு? பாயசம் யாரு பாக்கா?"

"நீ ஒண்ணும் செய்யாண்டாம்" என்றான் அண்ணன். "எல்லாத்துக்கும் ஆளு போட்டாச்சு. நீங்க மூணுபேரும் நேரத்தோட வந்து இருந்தா போரும்."

கோபத்தில் சொல்லவில்லை. விருந்தாளியிடம் எவ்வளவு அன்பாகச் சொல்வோமோ அவ்வளவு அன்பாகச் சொன்னான். நான் கேட்டு வாங்கிய மரியாதை, இப்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அஜின் ஞானஸ்நானத்துக்கும் ஒரு தாள் தொடங்கியிருக்கிறான். ஷைனி அனுப்பிய குழந்தைப் படங்களோடு அதன் முகவரியும் தவறி வந்துவிட்டது. இன்று கான்டீனில் அந்தக் கல்யாணப் படத்தை மூடிவிட்டு முகவரியைத் தொட்டுப் பார்த்தேன். "இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை" என்று வந்தது. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை.

வாசகர்களுக்குக் கடைசியாக ஒரு குறிப்பு. அப்படி வந்தால் பயப்பட வேண்டாம். அதன் கீழேயே "அனுமதி கேட்கவும்" என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால், தாளின் சொந்தக்காரருக்கு ஏதாவது சொல்லி அனுப்ப ஒரு சின்னப் பெட்டி திறக்கும். யாரும் நம்மை விளிக்க வேண்டியதில்லை, நாமே கேட்கலாம். இதை அந்த நூலக வகுப்பில் முதல் வாரமே சொல்லித் தந்தார்கள்.

டீ முழுக்க ஆறிவிட்டது. வார்டுக்குத் திரும்ப நேரமாகிவிட்டது. பொத்தானை அமுக்கினேன். பெட்டியில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பிறகு ஒரே மூச்சில் எழுதி அனுப்பினேன்.

"அஜின் மக்களே, மாமிதான். தேங்கா திருவ ஆளு போடாண்டாம். நான் திருவுகேன்."